ஒரே வரி... திரும்பத் திரும்ப! பாட்டு நம்மைப் பிடித்துக்கொள்வது எப்படி?

“இப்ப வர்ற பாட்டுல என்னப்பா இருக்கு? ஒரே வரியையே நாலு நிமிஷம் பாடுறான்!” - வீட்டில் பெரியவர்கள் யாராவது இப்படிச் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 2011-ல் ‘ஒய் திஸ் கொலவெறி’ வந்தபோதும் இதே புகார்தான். புகார் சொன்னவர்களும் அதை முணுமுணுத்தார்கள் என்பது வேறு கதை.

ஆனால், எதுவுமே திரும்ப வராத பாட்டு எத்தனை இருக்கும்? சரணம் முடிந்தால் மறுபடியும் பல்லவி. நடவுப் பாட்டில் ஒருவர் பாட, வயலில் நிற்கும் மற்றவர்கள் அதையே திருப்பிப் பாடுவார்கள். பஜனையிலும் அப்படித்தான். பேசும்போது ஒருவர் ஒரே வாக்கியத்தை மூன்று முறை சொன்னால், ‘இவருக்கு என்ன ஆச்சு?’ என்று பார்ப்போம். பாட்டில் மட்டும் அதையே ரசிக்கிறோம். ஏன்?

பேச்சு பாட்டான கதை

1995-ல் நடந்த ஒரு தற்செயலில் இருந்து தொடங்கலாம். சான் டியேகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் டயானா டாய்ச், தன் குரலில் பதிவு செய்த ஓர் உரையை எடிட் செய்துகொண்டிருந்தார். அதில் ஒரு சின்னத் துண்டு மட்டும் லூப்பில் ஓடிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில், யாரோ பாடுவது போல அவருக்குக் கேட்டது. ஒலிப்பதிவில் எதுவும் மாறவில்லை. அதே குரல், அதே சொற்கள்!

பிறகு 2011-ல் தன் குழுவினருடன் வெளியிட்ட ஆய்வில் அவர் இதைச் சோதித்துக் காட்டினார். அந்தத் துண்டை ஒருமுறை மட்டும் கேட்டவர்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னால், பேசிக் காட்டினார்கள். 10 முறை கேட்டவர்கள் பாடிக் காட்டினார்கள். ஒவ்வொரு முறையும் சுருதியைச் சற்று மாற்றினாலோ, அசைகளைக் கலைத்துப் போட்டாலோ இந்த மாயம் நடக்கவில்லை. அச்சு அசலாகத் திரும்ப வர வேண்டும். (போனில் ரெக்கார்ட் செய்து நீங்களும் முயன்று பார்க்கலாம். ஆனால், எல்லா வாக்கியமும் பாட்டாகிவிடாது.)

அதாவது, முதல் முறை கேட்கும்போது மூளை அர்த்தத்தைத் தேடுகிறது. அர்த்தம் கிடைத்துவிட்ட பிறகும் அதே ஒலி வந்துகொண்டே இருந்தால், கவனம் ஏற்ற இறக்கத்தின் பக்கம் திரும்புகிறது. அங்கேதான் இசை தொடங்குகிறது.

இசை ஆய்வாளர் எலிசபெத் மார்குலிஸ் இன்னும் குறும்பான வேலை ஒன்று செய்தார். லூசியானோ பெரியோ, எலியட் கார்ட்டர் இருவரும் 20-ம் நூற்றாண்டின் பெரிய இசையமைப்பாளர்கள். திரும்ப வருவதைக் கிட்டத்தட்டத் தவிர்த்து எழுதப்பட்ட அவர்களுடைய இசைத் துண்டுகளை எடுத்து, சில பகுதிகளை காப்பி-பேஸ்ட் செய்து மீண்டும் வரவைத்தார். கேட்டவர்களுக்கு எது அசல், எது வெட்டி ஒட்டியது என்று தெரியாது. ஒட்டு வேலை செய்த வடிவம்தான் அதிகம் பிடித்திருந்தது. அதைத்தான் மனிதர் உருவாக்கிய இசையாக இருக்கும் என்றும் சொன்னார்கள்!

அடுத்து என்ன வரும் என்று தெரிந்தால் சலிப்புதானே வர வேண்டும்? பாட்டில் பாதி சுகமே அந்தத் தெரிதலில்தான் இருக்கிறது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தங்களுக்குப் புல்லரிக்க வைக்கும் இசையைக் கேட்பவர்களின் மூளையை ஸ்கேன் செய்து 2011-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். புல்லரிக்கும் அந்த நொடியில் டோபமைன் சுரந்தது. அதற்குச் சற்று முன்பே, ‘இதோ வரப்போகுது’ என்ற எதிர்பார்ப்பிலும் மூளையின் வேறொரு பகுதியில் அது சுரந்தது.

மூன்றாவது முறை எங்கே விழும்?

இந்த எதிர்பார்ப்பை வைத்து விளையாடுவதில் நம் கச்சேரி மேடை கைதேர்ந்தது. மிருதங்க வித்வான் தனி ஆவர்த்தனத்தை முடிக்கும் இடத்தைக் கவனியுங்கள். ஒரு சொற்கட்டு மூன்று முறை வரும். முதல் முறை புதுசு. இரண்டாவது முறை ‘ஓ, அதேதான்’ என்று பிடிபடும். மூன்றாவது தொடங்கும்போது, தாளக் கணக்கு தெரியாதவருக்கும் எங்கே வந்து விழப்போகிறது என்று ஓர் ஊகம் வந்துவிடும். சரியாக அங்கே விழும்போதுதான் கைதட்டல்.

பாடகர் செய்வது இன்னொரு வகை. ஒரு வரியை முதலில் எளிமையாகப் பாடுவார். அடுத்த முறை ஒரு சின்ன வளைவு சேரும். அதற்கடுத்து இன்னொன்று. இவைதான் சங்கதிகள். தியாகராஜரின் கரகரப்ரியா கீர்த்தனை ‘சக்கனி ராஜ’ இதற்குப் பேர்போனது. கடைசி சங்கதியை மட்டும் தனியாகக் கேட்டால் ஏதோ சிக்கலான வரி, அவ்வளவுதான். முதல் வடிவம் காதில் தங்கியிருப்பதால்தான் மாற்றம் இனிக்கிறது.

அப்போ, துளியும் மாறாத கம்ப்யூட்டர் லூப் மட்டம் என்று அர்த்தமா? அப்படியும் இல்லை. அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக், சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தெருப் பிரசங்கியின் குரலைப் பதிவு செய்து, அதன் சில சொற்களை இரண்டு டேப்களில் லூப்பாக ஓடவிட்டு 1965-ல் ஒரு படைப்பையே உருவாக்கினார். இரண்டும் மெல்ல மெல்ல ஒன்றைவிட்டு ஒன்று விலகும். அவ்வளவுதான் ‘இசையமைப்பு’. ஆக, ‘ஒரே வரிதானே’ என்பது ஒரு பாட்டின் மேல் வைக்கக்கூடிய குற்றச்சாட்டே இல்லை என்பேன்.

பாட்டை யார் திருப்பிப் போடுகிறார்கள்?

கவலைப்பட வேண்டிய இடம் வேறு. அர்த்தமே இல்லாத சொற்களும் உருவங்களும்கூட, அடிக்கடி கண்ணில் பட்டாலே பிடிக்கத் தொடங்கிவிடும் என்று உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸ் 1968-லேயே காட்டிவிட்டார். பாட்டுக்கும் இது பொருந்தும். பாட்டுக்குள் எத்தனை முறை பல்லவி வர வேண்டும் என்பது இசையமைப்பாளரின் முடிவு. ரீல்ஸில் ஒரே 15 வினாடி இன்று எத்தனை முறை உங்கள் காதில் விழ வேண்டும் என்பது அல்காரிதத்தின் முடிவு. ‘எனக்குப் பிடிச்ச பாட்டு’ என்று பிளேலிஸ்ட்டில் சேர்க்கும்போது, அதற்குள் எத்தனை தடவை அதைக் கேட்டிருக்கிறோம் என்ற கணக்கு நம்மிடம் இருக்காது.

இது பாட்டின் உருவத்தையே மாற்றுகிறது. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 30 வினாடி ஓடினால்தான் அது ஒரு ‘ஸ்ட்ரீம்’. அதற்குள் ஆளைப் பிடித்து வைக்க வேண்டும். அமெரிக்க ஹிட் பாடல்களை அலசிய ஓர் ஆய்வின்படி, 1980-களின் நடுவில் பாடகர் குரல் வருவதற்கு முந்தைய ஆரம்ப இசை சராசரியாக 20 வினாடிக்கு மேல் இருந்தது. 2015-ல் அது சுமார் 5 வினாடி.

இதில் அடிபடுவது, முதல் தடவையிலேயே ஒட்டிக்கொள்ளாத பாட்டுகள். மூன்றாவது, நான்காவது முறை கேட்டால் பிடிக்கக்கூடியவை அவை. பின்னால் பெரிய லேபிள் இல்லாத ஒரு சுயாதீனக் கலைஞரின் பாட்டை நாம் ஸ்கிப் செய்துவிட்டால், இன்னொருமுறை காதில் போட்டுவைக்க ஆளில்லை. ‘சுமார்’ என்று தள்ளிய ஒரு பாட்டை இந்த வாரம் நீங்களாகவே மூன்று முறை போட்டுக் கேட்டுப் பாருங்கள்.

அளவு மீறினால் சலித்துப்போகும் என்பதும் உண்மை. சில நேரம் சலித்த பிறகும் பாட்டு தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கும் ஆய்வு வைத்தியம் இருக்கிறது: சூயிங்கம். மெல்லும்போது தலைக்குள் பாட்டு ஓடுவது குறைவதாக பிரிட்டனின் ரீடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் சொன்னார்கள். மனதுக்குள் பாடுவதற்கும் வாய், தாடை அசைவோடு தொடர்பு உண்டு. தாடை வேறு வேலையில் இறங்கிவிட்டால் உள்ளே பாடுபவருக்குச் சிரமமாகிவிடுமாம். மீட்டிங்குக்கு நடுவே சத்தமில்லாமல் செய்யக்கூடிய வைத்தியம்தான்.