இரண்டு பேட்டரிகள், எழுதப்படாத ஒரு வாக்கியம்

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவுசெய்தவர் சிபிஐ அதிகாரி வி.தியாகராஜன். பணி ஓய்வுபெற்ற பிறகு, 2013 நவம்பரில், அவர் ஒரு விஷயத்தை வெளியே சொன்னார். கொலைத் திட்டத்தை முன்னின்று நடத்திய விடுதலைப் புலி சிவராசனுக்கு இரண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்ததைப் பேரறிவாளன் ஒப்புக்கொண்டார்; அது எதற்கு என்று தனக்குத் தெரியாது என்றும் சேர்த்தே சொன்னார். முதல் பாதியை எழுதினேன், இரண்டாம் பாதியை விட்டுவிட்டேன் என்றார் தியாகராஜன். அதையும் எழுதினால் அது ஒப்புதல் வாக்குமூலமாகவே நிற்காது என்பது அவர் தந்த விளக்கம்.

அப்போது பேரறிவாளன் சிறைக்குப் போய் 22 ஆண்டுகள் ஆகியிருந்தன. 2011 செப்டம்பர் 9-ஆம் தேதி தூக்கு என்று நாள் குறித்து, சென்னை உயர் நீதிமன்றத் தடையால் உயிர் தப்பியிருந்தார்.

விட்டுப்போன அந்த வாக்கியத்துக்கு ஏன் இவ்வளவு எடை? 9 வோல்ட் பேட்டரி என்பது டிரான்சிஸ்டர் ரேடியோவில் போடுகிற சின்னப் பேட்டரி. யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கலாம். ஸ்ரீபெரும்புதூரில் 1991 மே 21 அன்று தற்கொலைப் படைப் பெண் தணு அணிந்திருந்த பெல்ட் குண்டை இயக்க அந்தப் பேட்டரிகள் பயன்பட்டன என்பது அரசுத் தரப்பின் வாதம். அது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். கூட்டுச்சதிக் குற்றத்துக்கு அது போதாது. எதற்காக வாங்குகிறோம் என்று வாங்கியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தால் தூக்குக் கயிறு. தெரியாவிட்டால், ஒரு 19 வயது டிப்ளமோ பட்டதாரி தெரிந்தவருக்குக் கடைக்குப் போய்வந்த கதை. வழக்கு மொத்தமும் இந்த இடத்தில்தான் தொங்கியது.

சாதாரணக் கொலை வழக்காக இருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது. போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்பது பிரிட்டிஷ் காலச் சாட்சியச் சட்டத்திலிருந்தே இருக்கும் விதி. அடித்து வாங்கியிருப்பார்கள் என்ற சந்தேகம் வெள்ளைக்கார அரசுக்கே இருந்தது. ஆனால் இந்த வழக்கு பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவின் கீழ் நடந்தது; அதன் 15-ஆவது பிரிவு அந்த விதியைத் தூக்கி ஓரமாக வைத்தது. எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி பதிவுசெய்தால் வாக்குமூலம் சாட்சியமாகும். போலீஸ் காவலும் 15 நாளிலிருந்து 60 நாளாக நீண்டது. பேரறிவாளனை 1991 ஜூனில் பிடித்தார்கள். வாக்குமூலம் எழுதப்பட்டது ஆகஸ்ட்டில். ஒலிநாடாவில் பதிவுசெய்யவும் அதே 15-ஆவது பிரிவு இடம் தந்திருந்தது. நீதிமன்றத்துக்கு வந்ததோ எழுத்து. சொன்னது எது, எழுதியது எது என்று ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை.

பூந்தமல்லி தனி நீதிமன்றத்தில் மூடிய கதவுக்குள் விசாரணை நடந்தது. 1998 ஜனவரி 28 அன்று குற்றம்சாட்டப்பட்ட 26 பேருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஒருவர்கூட மிச்சமில்லை. தடா வழக்கு என்பதால் உயர் நீதிமன்றம் என்ற படியே கிடையாது. மேல்முறையீடு நேராக உச்ச நீதிமன்றத்துக்கு. சாட்சியங்களை இன்னொரு முறை முழுதாக அலசக்கூடிய ஒரு கட்டம் இப்படிக் கைநழுவியது.

1999 மே 11-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்தது, மூவருக்கு ஆயுளாகக் குறைத்தது, நளினி, முருகன், சாந்தன், பேரறிவாளன் ஆகிய நால்வருக்குத் தூக்கை உறுதிசெய்தது. அதே தீர்ப்பில், இது தடா சட்டம் சொல்லும் பயங்கரவாதச் செயல் அல்ல என்றும் நீதிபதிகள் சொன்னார்கள். அப்படியானால் தடாவின் கீழ் வாங்கிய வாக்குமூலங்கள்? அவை செல்லும் என்றார்கள். தடாவும் சேர்த்துத்தான் வழக்கு நடந்தது, ஆகவே வாக்குமூலத்தைக் கொலைக் குற்றத்துக்கும் பயன்படுத்தலாம் என்பது தர்க்கம். சட்டப் பிரிவுகளை வரிசையாக வைத்துப் படித்தால் தர்க்கம் பிசகவில்லை. ஆனால் விசேஷ சட்டம் பொருந்தாது என்று சொல்லிவிட்டு, அந்தச் சட்டம் மட்டுமே அனுமதித்த சாட்சியத்தை வைத்துத் தூக்கு கொடுப்பதை என்னால் இன்றும் ஜீரணிக்க முடியவில்லை.

வாக்குமூலம் மட்டும்தான் சாட்சியமா என்றால், இல்லை. போலி முகவரி கொடுத்து மோட்டார் சைக்கிள் வாங்கியது உள்ளிட்டவற்றையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்தது. சிவராசனோடு பழக்கம் இருந்ததும் மறைவில்லை. ஆனால் பழக்கம் வேறு, கொலைத் திட்டம் தெரிந்திருப்பது வேறு. 2017-இல் உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தில் தியாகராஜன் இன்னொன்றையும் சுட்டினார்: 1991 மே 7 அன்று விடுதலைப் புலிகளின் உளவுப் பிரிவுத் தலைவர் பொட்டு அம்மானுக்கு சிவராசன் அனுப்பிய வயர்லெஸ் செய்தி. திட்டம் தங்கள் மூவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்பது அதன் சாரம்.

தீர்ப்பைத் திரும்பப் பெறக் கோரிய பேரறிவாளனின் மனுவை 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அந்த அதிகாரியைக் கூண்டில் ஏற்றி, ஏன் எழுதவில்லை, ஏன் 22 ஆண்டுகள் வாய் திறக்கவில்லை என்று குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பு யாருக்கும் கிடைக்கவில்லை. அவர் சொல்வது பொய்யாகக்கூட இருக்கலாம். அதையும் கேட்டுத்தானே தெரிந்துகொள்ள வேண்டும்?

2022 மே 18 அன்று பேரறிவாளன் விடுதலையானபோது, உச்ச நீதிமன்றமே நிரபராதி என்று சொல்லிவிட்டதாகப் பலர் கொண்டாடினார்கள். தீர்ப்பில் அப்படி ஒன்றும் இல்லை. 2014-இல் தூக்கு ஆயுளானதற்குக் காரணம் கருணை மனுவைப் பதினோரு ஆண்டுகள் கிடப்பில் போட்டது. 2022-இல் விடுதலைக்குக் காரணம், 2018 செப்டம்பரில் தமிழக அமைச்சரவை செய்த பரிந்துரையின் மீது ஆளுநர் முடிவெடுக்காமல் இழுத்தது. கூடவே சிறை நன்னடத்தை, படிப்பு, உடல்நலம். அரசியல் சட்டத்தின் 142-ஆவது பிரிவின்படி நீதிமன்றம் கணக்கை முடித்தது. இரண்டு முறையும் அவரைக் காப்பாற்றியது அரசின் தாமதம். பேட்டரி விவகாரத்துக்குள் யாரும் மீண்டும் நுழையவில்லை. சட்டத்தின் ஏட்டில் அவர் இன்றும் குற்றவாளியே. குண்டில் இறந்தவர்களின் குடும்பங்கள் அந்த விடுதலையை எதிர்த்ததற்கும், பேரறிவாளனின் தாய் அற்புதம்மாள் மகனுக்காக 31 ஆண்டுகள் அலைந்ததற்கும் ஒரே பதிலைச் சொல்லக்கூடிய விசாரணை நடக்கவே இல்லை.

தடா 1995-இல் காலாவதியானது. அடுத்து வந்த பொடா, வாக்குமூலம் கொடுத்தவரை 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்றது. அதுவும் 2004-இல் ரத்தானது. ஆனால் மகாராஷ்டிரத்தின் திட்டமிட்ட குற்றத் தடுப்புச் சட்டமான மகோகாவிலும், 2019-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற அதே வகையான குஜராத் சட்டத்திலும் எஸ்.பி. பதிவுசெய்யும் வாக்குமூலம் இன்றைக்கும் சாட்சியம்தான்.