பத்தாண்டு கழித்துக் கேட்ட 'ரோஜா'

விராலிமலையில் மயிலின் அகவலுக்கு அடுத்தபடி எந்நாளும் காதில் விழுவது திரைப்பாடல்தான். திருச்சிப் பேருந்தில் ஏறினாலும் பாட்டு. திருமண வீட்டிலும் பாட்டு. இவற்றுள் எது நிலைக்கும் என்பதை அது வெளிவந்த ஆண்டிலேயே சொல்லிவிட இயலாது. விளம்பரமும் நடிகர்மீதுள்ள பற்றும் அப்போது காதை மறைத்து நிற்கும். பத்தாண்டு சென்றபின் ஓரளவு விளங்கும். 'ரோஜா'வையே எடுத்துக்கொள்வோம்.

எங்கள் அன்னையர் சிறுமியராயிருந்த 1992-இல், ஆகஸ்ட் 15 அன்று மணிரத்னத்தின் அப்படம் வெளியாயிற்று. இசையமைத்த ஏ.ஆர். ரகுமானுக்கு வயது 25. அதுவே அவருடைய முதற்படம். "பாட்டா இது? வெறும் மின்சார ஓசை!" என்று முகஞ்சுளித்த பெரியவர்களும் உண்டு.

அவர்கள் சொன்னதில் காரணமில்லாமல் இல்லை. அதுவரை பெரும்பாலும் வாத்தியக் கலைஞர்கள் ஒரே கூடத்தில் அமர்ந்து, பாடகரோடு சேர்ந்து வாசிப்பார்கள். ஒருவர் தவறினால் எல்லாரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ரகுமானோ, வீட்டை ஒட்டி அமைத்த சிறு ஒலிப்பதிவுக் கூடத்தில் வாத்தியங்களையும் குரலையும் தனித்தனியே பதிந்து, கதம்பம் கட்டுவதுபோல் கணிப்பொறியின் துணைகொண்டு அடுக்கிச் சேர்த்தார். மிக மெல்லிய ஒலியும் தெளிவாய்க் கேட்டது.

2002-க்குள் இம்முறை எங்கும் பரவிவிட்டது. வரிசையாய் அமர்ந்து வயலின் வாசித்துப் பிழைத்த பலருக்கு வேலை குறைந்ததையும் மறைக்க வேண்டியதில்லை. புதுமை என்ற பெயர் போனபின் மிஞ்சியவை மெட்டும் சொல்லும் குரலுமே. 'ருக்குமணி ருக்குமணி' தாளத்தை நம்பிய பாட்டு. அது எங்களுக்குப் பழையதாகவே ஒலிக்கிறது. 'சின்னச் சின்ன ஆசை' அப்படியன்று.

அதைப் பாடிய மின்மினிக்குச் சில ஆண்டுகளுக்குள் குரல் நலிந்து, பாட முடியாமற் போயிற்று. பத்தாம் ஆண்டில் பாட்டு ஊரெங்கும் ஒலித்துக்கொண்டிருந்தது. பாடியவரோ திரையுலகை விட்டு விலகியிருந்தார். பின்னாளில் அவர் மீண்டும் பாடினார் என்றறிந்தபோது, எங்கள் வீட்டார் ஒருவர் பிழைத்தெழுந்ததுபோல் மகிழ்ந்தோம்.

அதே 2002-இல் மணிரத்னம், ரகுமான், வைரமுத்து மூவரும் சேர்ந்து 'கன்னத்தில் முத்தமிட்டால்' தந்தனர். 1992-இற்போலவே இசைக்கும் பாடலுக்கும் தேசிய விருது கிடைத்தது. அதிலும் ஒரு புதிய பெண்குரல்: சின்மயி.

இரண்டு பாட்டையும் அடுத்தடுத்துப் பாடிப் பார்த்தோம். 'சின்னச் சின்ன ஆசை'யின் இரண்டாம் சரணத்தில் நாங்கள் தடுமாறி நின்றோம். அடுக்களையிலிருந்த அம்மா, விட்ட இடத்திலிருந்து எடுத்துக் கடைசிவரை பாடி முடித்தார்.