பிடித்தது கூடலூரில், போனது பத்தேரிக்கு: ஒரே காட்டுக்கு மூன்று அரசு இருந்தால் என்ன ஆகும்?

2022 டிசம்பர். நீலகிரி மாவட்டம் கூடலூர், பந்தலூர் வட்டாரத்தில் வீடுகளை உடைத்து அரிசி தின்று பழகிய ஒரு மக்னா யானையை, அதாவது தந்தம் இல்லாத ஆண் யானையை, தமிழக வனத்துறை மயக்க ஊசி போட்டுப் பிடித்தது. வனத்துறை அதற்கு வைத்த பெயர் ‘பி.எம்.2’. மக்கள் வைத்த பெயர் ‘அரிசி ராஜா’. அதற்கு முந்தைய மாதம் அதன் தாக்குதலில் ஒரு பெண் உயிரிழந்திருந்தார். கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, முதுமலைக் காட்டுக்குள் கொண்டுபோய் விட்டார்கள். தோட்டத் தொழிலாளர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. 2023 ஜனவரி முதல் வாரத்தில் அதே யானை கேரளத்தின் சுல்தான் பத்தேரி கடைவீதியில் நின்றது. சாலையில் நடந்து போனவரைத் தாக்கியது. கேரள வனத்துறை மறுபடியும் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, முத்தங்கா முகாமில் மரக்கூண்டில் அடைத்தது. தமிழ்நாட்டின் பிரச்சினை கேரளத்தின் பிரச்சினையாக மாறியது, அவ்வளவுதான்.

‘உங்க யானை எங்க ஊருக்கு வந்துடுச்சு’ என்ற பேச்சு அப்போதுதான் எல்லையோர ஊர்களில் பலமாகக் கேட்டது. யானைக்கு மாநிலம் உண்டா? இல்லை. ஆனால், யானையைப் பிடிக்கிற அதிகாரத்துக்கு உண்டு. சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

மூன்று மாநிலங்களும் எங்கே சேர்கின்றன?

ஊட்டியிலிருந்து கூடலூர் இறங்கி, தெப்பக்காடு வழியாக மைசூர் போகிறவர்களுக்கு இந்த இடம் தெரியும். கக்கநல்லா சோதனைச்சாவடியைத் தாண்டினால் கர்நாடகத்தின் பந்திப்பூர். கூடலூரிலிருந்து மேற்கே திரும்பினால் நாடுகாணி, சோலாடி, தாளூர், பாட்டவயல் என்று கேரளச் சோதனைச்சாவடிகள். முதுமலை, பந்திப்பூர், வயநாடு என்று மூன்று பெயர்கள் இருந்தாலும் காடு ஒன்றுதான். கோடையில் தண்ணீர் வற்றினால் யானைகள் கபினி பக்கம் போகும். மழை வந்தால் திரும்பும். இந்தப் போக்குவரத்து, மாநிலங்கள் பிறப்பதற்கு முன்பிருந்தே நடக்கிறது.

எல்லைக்கோடும் ஒன்றும் ஆதிகாலத்து விஷயமில்லை. கூடலூர் 1877 வரை மலபார் மாவட்டத்தில் இருந்தது. அதன் பிறகே நீலகிரியோடு சேர்க்கப்பட்டது. நீலகிரியும் மலபாரும் 1956 வரை ஒரே மாகாணத்தில்தான் இருந்தன. 1956 நவம்பர் 1-ல் மொழிவாரி மாநிலங்கள் வந்தபோது மலபார் கேரளத்துக்குப் போனது. கோவை மாவட்டத்தின் கொள்ளேகால் மைசூர் மாநிலத்துக்குப் போனது. அன்றிலிருந்து இந்தக் காட்டுக்கு மூன்று அரசுகள்.

1986-ல் மத்திய அரசு, மூன்று மாநிலங்களிலும் பரவிய 5,520 சதுர கிலோமீட்டர் பரப்பை ‘நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம்’ என்று அறிவித்தது. இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகம் இதுதான். 2000-ல் யுனெஸ்கோ அங்கீகாரமும் வந்தது. வரைபடத்தில் காடு ஒன்றாகிவிட்டது. நிர்வாகத்தில் ஆகவில்லை. முதுமலையும் பந்திப்பூரும் புலிகள் காப்பகங்கள், நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கும் வயநாடு வெறும் வனவிலங்கு சரணாலயம். விதிகள், நிதி, ஆள்பலம் எல்லாமே ஆளுக்கொரு மாதிரி.

யானையைப் பிடிக்க யார் உத்தரவிட வேண்டும்?

1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நாடு முழுவதற்கும் பொது. யானை அதில் முதல் அட்டவணையில் வருகிறது. அதைப் பிடிக்கவோ மயக்க ஊசி போடவோ, அந்தந்த மாநிலத்தின் தலைமை வனஉயிரினக் காப்பாளர் எழுத்துப்பூர்வமாக உத்தரவிட வேண்டும். அவருடைய அதிகாரம் சோதனைச்சாவடியோடு முடிந்துவிடும். யானை எல்லை தாண்டிவிட்டால் அந்தப் பக்கம் வேறு அதிகாரி, வேறு உத்தரவு, வேறு குழு. எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

2024 பிப்ரவரியில் நடந்தது என்ன?

மாநிலங்களுக்கு இடையிலான இந்த இடைவெளி எவ்வளவு ஆபத்தானது என்பதை வயநாட்டின் மானந்தவாடி பார்த்தது. பிப்ரவரி 2 அன்று ஒரு யானை ஊருக்குள் வந்தது. கர்நாடகத்தில் பிடித்து, காலர் மாட்டி, பந்திப்பூர் காட்டில் விடப்பட்ட யானை அது. கேரள வனத்துறை மயக்க ஊசி போட்டு மீண்டும் பந்திப்பூருக்கே அனுப்பியது. சில வாரங்களுக்குள் இரண்டாவது மயக்கம். மறுநாள் யானை இறந்துபோனது.

எட்டே நாளில் இன்னொரு யானை. கர்நாடகத்தின் பேலூரில் காலர் மாட்டப்பட்ட மக்னா, மானந்தவாடி அருகே ஒருவரை அவர் ஏறிக் குதித்த வீட்டு வளாகத்துக்குள்ளேயே துரத்திக் கொன்றது. யானையின் கழுத்தில் கருவி இருந்தது. ஆனால், அந்தத் தகவல் பக்கத்து மாநிலத்துக்கு உரிய நேரத்தில் வந்ததா என்பதில் இரு தரப்பும் மாறி மாறிப் பேசின.

அதன் பிறகு நடந்தது இன்னும் வேதனை. ‘எங்கள் மாநிலத்தில் காலர் மாட்டிய யானை’ என்பதால், இறந்தவரின் குடும்பத்துக்குக் கர்நாடக அரசு 15 லட்சம் ரூபாய் அறிவித்தது. கேரளத்தில் அப்போது இழப்பீடு 10 லட்சம். வேறு மாநிலத்தவருக்கு நம் பணத்தைக் கொடுப்பதா என்று கர்நாடகத்தில் எதிர்க்கட்சியான பா.ஜ.க. கேள்வி எழுப்பியது. கடைசியில் அந்தக் குடும்பமே பணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

அப்படியானால் மூன்று மாநிலமும் பேசிக்கிறதே இல்லையா?

பேசுகின்றன. உதவியும் செய்துகொள்கின்றன. 2021 அக்டோபரில் மசினகுடியில் பிடிபட்ட டி-23 புலிக்கு மைசூரு மறுவாழ்வு மையத்தில்தான் இடம் கிடைத்தது. 2024 மே 23 முதல் 25 வரை தென்மாநிலங்கள் ஒரே நேரத்தில் யானைகளைக் கணக்கெடுத்தன. அதில் தமிழ்நாட்டுக்குக் கிடைத்த எண்ணிக்கை 3,063. ஒரே யானையை இரண்டு மாநிலங்கள் எண்ணிவிடக் கூடாது என்பதற்காகத்தான் சேர்ந்து எண்ணினார்கள்.

மானந்தவாடி சம்பவங்களுக்குப் பிறகு, 2024 மார்ச் 10-ல் பந்திப்பூரில் மாநிலங்களுக்கு இடையிலான கூட்டம் நடந்தது. கர்நாடக, கேரள வனத்துறை அமைச்சர்கள் ஒத்துழைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். தமிழக வனத்துறை அதிகாரிகளும் கலந்துகொண்டார்கள். மோதல் நடக்கும் இடங்களை அடையாளம் காண்பது, காரணங்களைக் கண்டறிவது, தகவலையும் நிபுணர்களையும் பகிர்ந்துகொள்வது, கட்டமைப்பை மேம்படுத்துவது என்று நல்ல விஷயங்கள்தான் அதில் இருந்தன. ஆனால், இது நல்லெண்ண ஒப்பந்தம். ஒரு மாநிலம் தகவல் தராவிட்டால் கேட்பதற்கு மேலே யாரும் இல்லை.

1956-ல் மாநிலங்களோடு சேர்ந்தே பிறந்த தென்மண்டலக் குழுவும் இருக்கிறது. மத்திய உள்துறை அமைச்சர் தலைவர், முதல்வர்கள் உறுப்பினர்கள். அதற்கு ஆலோசனை சொல்லும் அதிகாரம் மட்டும்தான்.

ஒத்துப்போகாத இடமும் உண்டு. பந்திப்பூர் வழியாகச் செல்லும் இரண்டு தேசிய நெடுஞ்சாலைகளிலும் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை. 2009-ல் வந்த இந்தத் தடையை 2010-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. விலங்குகளுக்கு இரவாவது மிஞ்சட்டும் என்கிறது கர்நாடகம். எங்கள் வயநாடு இரவானால் துண்டிக்கப்படுகிறது என்கிறது கேரளம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

மாநிலங்களை ஒன்றாக்கினால் தீருமா?

அப்படியும் ஒரு யோசனை இருந்தது. 1956 தொடக்கத்தில் தென்மாநிலங்களைச் சேர்த்து ‘தட்சிணப் பிரதேசம்’ அமைக்கலாம் என்ற பேச்சு வந்தது. ராஜாஜி ஆதரித்தார். பெரியார் கடுமையாக எதிர்த்தார். மக்களும் ஏற்கவில்லை, கைவிடப்பட்டது. மொழிக்கென்று ஒரு மாநிலம் கேட்டுப் போராடியவர்களிடம் போய், எல்லையை அழித்துவிடலாம் என்றால் யார் கேட்பார்கள்?

எல்லை இருந்துகொண்டே கொள்கை ஒன்றாக இருக்க முடியாதா? ஐரோப்பிய ஒன்றியம் அதைத்தான் முயன்று பார்க்கிறது. அங்கே உறுப்பு நாடுகளுக்குப் பொதுவான வாழிடப் பாதுகாப்புச் சட்டம் 1992 முதல் இருக்கிறது. அதுவும் சறுக்கியிருக்கிறது. 2006-ல் இத்தாலியின் மலைப்பகுதியில் பிறந்த ‘புரூனோ’ என்ற கரடி, ஆஸ்திரியா வழியாக ஜெர்மனியின் பவேரியாவுக்குள் வந்தது. ஆடுகளைக் கொன்றது. பிடிக்க முயன்று முடியாமல், ஜூன் 26 அன்று சுட்டுக் கொன்றார்கள். அந்தக் கரடி இனத்தைக் காப்பாற்றக் காசு செலவழித்திருந்த இத்தாலிக்கு ஏகப்பட்ட கோபம்.

ஆக, பொதுச் சட்டம் இருந்தாலே எல்லாம் சரியாகிவிடாது. ஆனால், ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே பாதுகாக்கப்பட்ட விலங்கைப் பிடிக்கவோ கொல்லவோ விதிவிலக்கு கொடுக்கும் நாடு, ஏன் கொடுத்தோம் என்று இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றியத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். மீறினால் ஒன்றிய நீதிமன்றம் கேட்கும்.

நம் நாட்டில் இது முடியுமா?

ஐரோப்பாவைவிட நமக்குச் சுலபம். அங்கே தனித்தனி நாடுகள். இங்கே நாடாளுமன்றம் ஒன்று, உச்ச நீதிமன்றம் ஒன்று. காடும் வனவிலங்கும் 1976-ல் 42-வது திருத்தத்தின் மூலம் பொதுப்பட்டியலுக்கு வந்துவிட்டன. மாநிலங்களின் அதிகாரத்தைப் பறிக்க வேண்டியதில்லை. பக்கத்து மாநிலத்துக்குச் சொல்ல வேண்டிய கடமையைச் சட்டத்தில் எழுதினால் போதும்.

இதற்கு முன்மாதிரியும் நம்மிடமே இருக்கிறது. மாயாறு பவானிசாகருக்குப் போகிறது, பவானி காவிரியில் சேர்கிறது. அந்தக் காவிரிக்கு 2018-ல் மேலாண்மை ஆணையம் வந்தது. அணைகளில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்ற கணக்கை மாநிலங்கள் அதன் முன் வைத்தாக வேண்டும். சண்டை ஓயவில்லை, வாஸ்தவம்தான். ஆனால், அணையில் எவ்வளவு தண்ணீர் என்பதை இன்று யாரும் மறைக்க முடியாது. தண்ணீருக்குச் செய்ததை யானைக்கும் செய்யலாம்.

குறைந்தபட்சம் மூன்று விஷயங்கள் வேண்டும். காலர் மாட்டிய அன்றே அதன் தகவலைப் பக்கத்து மாநில வனத்துறையும் பார்க்க வழி வேண்டும். பிடித்த யானையை எல்லைக்கு அருகே விடுவதென்றால், விடும் முன் அந்த மாநிலத்தைக் கேட்க வேண்டும். இழப்பீடு மூன்று மாநிலத்திலும் ஒரே தொகையாக இருக்க வேண்டும். கொன்ற யானை எந்த மாநிலத்துடையது என்று ஒரு குடும்பம் விசாரிக்க வேண்டிய நிலை வரக் கூடாது.

தோட்டத் தொழிலாளிக்கு இதனால் என்ன?

கூடலூர், பந்தலூர் தோட்டங்களில் வேலை செய்பவர்களில் பலர், 1964-ம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். இரண்டு அரசுகள் பேசி முடித்ததன் பலனையும் வலியையும் சுமந்தவர்கள். பொழுது விடிந்ததும் பனியில் இலை பறிக்கப் போகிறவர்களுக்கு, புதருக்குப் பின்னால் என்ன நிற்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

தகவல் உயிரைக் காக்கும் என்பதை வால்பாறை காட்டியிருக்கிறது. அங்கே யானை நடமாட்டம் இருந்தால் தொழிலாளர்களின் செல்போனுக்குக் குறுஞ்செய்தி போகும். பஸ்ஸிலிருந்து இறங்கி இருட்டில் வீட்டுக்கு நடக்க வேண்டிய இடங்களில் சிவப்பு விளக்கு எரியும். இதற்குப் பெரிய தொழில்நுட்பம் ஏதும் தேவைப்படவில்லை. யானை இருக்கும் இடம் தெரிந்தவர், தெரியாதவருக்குச் சொன்னார், அவ்வளவே.

வால்பாறையில் அந்தச் செய்தி ஒரு எஸ்டேட்டிலிருந்து இன்னொரு எஸ்டேட்டுக்குப் போனால் போதும். கூடலூரில் அது பாட்டவயல் சோதனைச்சாவடியைத் தாண்டிப் போக வேண்டும், வரவும் வேண்டும். தமிழில் வரும் எச்சரிக்கை அதே நேரத்தில் மலையாளத்திலும் கன்னடத்திலும் போக வேண்டும். அதை யாரோ ஒரு அதிகாரியின் நல்ல மனசுக்கு விட்டுவிடாமல் சட்டமாக்குவதற்கு, இன்னொரு பத்தேரியோ இன்னொரு மானந்தவாடியோ நடக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.