வாசனை மருந்துகள் – 9: 30 நொடியில் இளகிய குடல்

மிளகுப் புதினா எண்ணெய் குடல் தசையைத் தளர்த்துகிறது. அதிலுள்ள மென்தால், தசைச் செல்லுக்குள் கால்சியம் நுழையும் வாயில்களை அடைக்கிறது. கால்சியம் நுழையாவிட்டால் தசை சுருங்காது. துவையலுக்கு அரைக்கும் புதினா வேறு சாதி என்பதும், எண்ணெய் வடிக்கும் முறையும் முன்பே சொல்லியாயிற்று.

இந்தத் தளர்ச்சியை மருத்துவர்கள் கண்ணாலேயே பார்த்திருக்கிறார்கள். கொலோனாஸ்கோப்பி செய்யும்போது பெருங்குடல் சில சமயம் இறுகி, குழாயை மேலே போகவிடாமல் பிடித்துக்கொள்ளும். அந்த இடத்தில், குழாயிலுள்ள சிறு வழியாகப் புதினா எண்ணெயைச் செலுத்திப் பார்த்தார்கள் லெஸ்டர், ஹன்ட் என்ற இருவர். 1982இல் 'லான்செட்' இதழில் அவர்கள் வெளியிட்ட முடிவு: சோதித்த 20 பேருக்கும் 30 நொடிக்குள் இறுக்கம் விலகியது. 20 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் செரிமான மருந்துகளில் பலவற்றுக்கு 'வலி குறைந்தது' என்று நோயாளி சொல்வதே சான்று. இங்கே தசை இளகுவதே கண்ணெதிரே தெரிந்தது. மூலிகை எண்ணெய்களின் வரலாற்றில் இவ்வளவு நேரடியான சான்று அபூர்வம். இன்று ஜப்பானில், இரைப்பை எண்டோஸ்கோப்பியின்போது தெளிக்கும் மென்தால் மருந்து அரசு ஒப்புதல் பெற்றுப் புழக்கத்தில் இருக்கிறது.

விழுங்கும் மாத்திரைக்கு வந்தால் கதை இவ்வளவு தெளிவாக இல்லை. முதல் சிக்கல் வாசனை. ஏப்பத்தில் வரும் புதினா மணத்தாலேயே, தனக்குக் கிடைத்தது மருந்தா வெறும் மாத்திரையா என்பது நோயாளிக்குத் தெரிந்துவிடும், ஒப்பீடு கெட்டுப்போகும். இரைப்பையில் கரையாத பூச்சுள்ள மாத்திரை இதை ஓரளவு தீர்த்தது. குடல் எரிச்சல் நோய்க்கு (ஐ.பி.எஸ்.) இத்தகைய மாத்திரையைக் கொடுத்துப் பார்த்த கார்டிஃப் ஆய்வு 1979இல் வெளியானது, முடிவு நம்பிக்கை தந்தது. 2020இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு அளவில் பெரியது: 190 நோயாளிகள், 8 வாரம். முன்கூட்டியே வகுத்த முதன்மை இலக்கில் எண்ணெய் வெல்லவில்லை. ஆனால் சிறுகுடலில் கரையும் வகை வயிற்று வலியைக் குறைத்தது. அந்தக் குறைவை ஒதுக்கிவிடுவது சரியல்ல. அதை வைத்துக்கொண்டு 'குணமாக்கும்' என்று விளம்பரம் செய்வது அதைவிடத் தவறு.

பூச்சுக்கு இன்னொரு வேலையும் உண்டு. எண்ணெய் இரைப்பையிலேயே கரைந்தால் உணவுக்குழாயின் கீழ்வாயையும் தளர்த்திவிடும். அமிலம் மேலேறி நெஞ்செரிச்சல் வரும். அமிலத்தைத் தணிக்கும் மருந்தை உடன் சாப்பிட்டால் பூச்சு முன்கூட்டியே கரையக்கூடும் என்பதால் இரண்டுக்கும் இடைவெளி வேண்டும். பச்சிளங்குழந்தையின் மூக்கருகே இந்த எண்ணெயைத் தடவவே கூடாது: குரல்வளை இறுகி மூச்சடைக்கலாம்.

ஈரலைப் பாதிக்கும் புலெகோன் இந்த எண்ணெயில் சிறிதளவு இருக்கிறது. அது எவ்வளவு வரை பொறுக்கத்தக்கது, செயற்கைப் புலெகோனை உணவில் சேர்க்கும் அனுமதியை அமெரிக்கா 2018இல் ஏன் விலக்கியது என்பவை இந்த வாரத்துக்குரியவை. இடமில்லாததால் அடுத்த வாரம் முழுதும் அவற்றுக்கே.