மாட்டுக்குப் போட்ட ஊசி

செத்த மாட்டை ஊருக்கு வெளியே இழுத்துப் போட்டால், முன்பெல்லாம் அதை அப்புறப்படுத்தும் கவலை யாருக்கும் இருந்ததில்லை. உயரத்தில் வட்டமிடும் ஒரு பாறு கழுகு அதைக் கண்டு இறங்கும். அது இறங்குவதைத் தொலைவில் பறக்கும் இன்னொன்று கவனிக்கும். அதைப் பார்த்து மூன்றாவது வரும். மோப்பத்தை நம்பாமல் கண்ணை நம்பியே வாழும் பறவை அது. வெண்முதுகுப் பாறுவின் அலகுக்கு மாட்டின் தடித்த தோலைக் கிழிக்கும் வலு குறைவு. அதனால் கண், வாய், பின்புறம் என்று மென்மையான இடங்களில் தொடங்கும். தோலுரிப்பவர் வந்து போயிருந்தால் அதன் வேலை சுலபம். மயிரில்லாத நீண்ட கழுத்தை உடலுக்குள் விட்டுக் குடல் வரை துழாவித் தின்னும். கூட்டம் பெரிதாக இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் எலும்புக்கூடுதான் மிச்சம். அந்த எலும்பைப் பொறுக்கி விற்றுப் பிழைத்த குடும்பங்களும் உண்டு.

பிணந்தின்னிக் கழுகு என்று முகம் சுளித்துப் பெயர் வைத்தாலும், இந்தியக் கிராமங்களின் துப்புரவுப் பணியைக் கூலி வாங்காமல் செய்து வந்தது இதுதான். 1980களில் இந்தப் பறவைகள் இந்தியாவில் கோடிக்கணக்கில் இருந்தன. பெரிய இரைகொல்லிப் பறவைகளில் உலகிலேயே அதிகமாக இருப்பது வெண்முதுகுப் பாறுதான் என்று பறவையியலாளர்கள் கருதிய காலம் அது. 1992க்கும் 2007க்கும் இடையில் அந்த இனத்தில் 99.9 சதவீதம் அழிந்தது. ஆயிரத்துக்கு ஒன்று மிஞ்சியது. கருங்கழுத்துப் பாறுவும் மெல்லிய அலகுப் பாறுவும் சேர்ந்து 97 சதவீதம் குறைந்தன. பறவையினங்களின் வரலாற்றில் பதிவான மிக வேகமான சரிவுகளில் இது ஒன்று.

இத்தனைக்கும் யாரும் அவற்றைச் சுடவில்லை, வலை வைத்துப் பிடிக்கவில்லை. அவற்றுக்கு உணவுப் பஞ்சமும் வரவில்லை.

சரிவை முதலில் எண்ணிக்கையில் பிடித்தவர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ். ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவில் அவர் 1980களில் எண்ணியபோது 350க்கும் மேற்பட்ட கூடுகள் இருந்தன. பத்தாண்டு கழித்து மீண்டும் எண்ணியபோது பாதிகூட இல்லை. அதன்பின் சில பருவங்களிலேயே அங்கே கூடுகளே இல்லாமல் போயின. மரத்தில் உட்கார்ந்திருந்த பறவைகள் பல நாட்கள் கழுத்தைத் தொங்கவிட்டபடி அசையாமல் இருந்தன. பிறகு கிளையிலிருந்து விழுந்து செத்தன. வைரஸாக இருக்குமோ என்று தேடினார்கள். பூச்சிக்கொல்லியோ என்று சோதித்தார்கள். எதுவும் பொருந்தவில்லை.

விடை பாகிஸ்தானின் பஞ்சாபில் கிடைத்தது. அங்கே செத்து விழுந்த பறவைகளை அறுத்துப் பார்த்த அமெரிக்கக் கால்நடை நோயியல் வல்லுநர் லிண்ட்சே ஓக்ஸும் அவருடைய குழுவினரும், பெரும்பாலானவற்றின் உள்ளுறுப்புகள் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளை படிந்திருப்பதைக் கண்டார்கள். அது யூரிக் அமிலம். சிறுநீரகம் செயலிழந்ததால் கழிவு வெளியேற வழியின்றி ஈரல்மேலும் இதயத்தின்மேலும் படிகமாக உறைந்திருந்தது. சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது எது, அது பாறுவின் வயிற்றுக்குள் எப்படிப் போயிருக்கும் என்று குழு யோசித்தது. பாறுவின் உணவு செத்த மாடு. அப்படியானால் சாவதற்கு முன் மாட்டுக்கு என்ன மருந்து கொடுக்கிறார்கள்? கால்நடை மருத்துவர்களிடமும் மருந்துக்கடைகளிலும் விசாரித்தபோது ஒரு பெயர் வந்து நின்றது: டைக்ளோஃபெனாக்.

மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் நாம் விழுங்கும் அதே மருந்துதான். சிறுநீரகம் கெட்டுச் செத்த 25 பறவைகளைச் சோதித்ததில் 25இலும் அது இருந்தது. வேறு காரணங்களால் செத்த 13இல் ஒன்றில்கூட இல்லை. 2004இல் 'நேச்சர்' இதழில் இந்த முடிவு வெளிவந்தபோது பத்தாண்டுப் புதிர் அவிழ்ந்தது.

இந்த மருந்து மாட்டுத் தொழுவத்துக்கு வந்த விதத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்பதுதான் மனதை உறுத்துகிறது. 1990களின் தொடக்கத்தில் காப்புரிமை முடிந்ததும் பல நிறுவனங்கள் டைக்ளோஃபெனாக் தயாரிக்கத் தொடங்கின. விலை மளமளவென்று இறங்கியது. நொண்டும் மாட்டுக்கும், மடி வீங்கிய பசுவுக்கும், எழுந்து நிற்க முடியாத கிழட்டு எருதுக்கும் ஓர் ஊசி போட்டால் வலி அடங்கியது. இந்தியாவின் பல பகுதிகளில் மாட்டை இறைச்சிக்கு வெட்டுவதில்லை; அது கிழடாகி, நோய்ப்பட்டு, தானாகவே சாகிறது. சாகும் தறுவாயில் வலி குறையட்டும் என்று இரக்கப்பட்டுப் போட்ட ஊசி, அந்த உடலில் ஓரிரு நாள் தங்கியது. அந்த இடைவெளியில் மாடு செத்தால் அதைத் தின்ற பாறுவும் செத்தது.

மருந்தேறிய மாடுகள் நாடெங்கும் இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. நூறு உடல்களில் ஒன்றுக்கும் குறைவானதில் நஞ்சு இருந்தாலே இந்தச் சரிவு நிகழும் என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். காரணம் எளிது. ஓர் உடலை ஐம்பது, நூறு பாறுகள் பங்கிட்டுத் தின்கின்றன. ஒரு பாறு ஆண்டில் பல உடல்களில் வாய் வைக்கிறது. ஒரே ஒரு தடவை தவறான உடலில் அமர்ந்தால் போதும். மறுபக்கம் அவற்றின் இனப்பெருக்கமோ மிக நிதானமானது. ஒரு ஜோடி ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை இடும். பிறந்த குஞ்சு தானும் முட்டையிடும் வயதுக்கு வர ஐந்தாண்டு ஆகும். இப்படி வாழும் உயிரால் வேகமான சாவை ஈடுகட்டவே முடியாது.

பறவை போனால் போகட்டும் என்று நினைத்தவர்களுக்கும் சேதி வந்து சேர்ந்தது. அழுகும் உடல்களைத் தின்ன நாய்கள் பெருகின. ராஜஸ்தானின் பிகானேர் அருகிலுள்ள ஜோர்பீரில், கால்நடை உடல்களைக் கொட்டும் இடத்தைச் சுற்றி நாய்க் கூட்டங்கள் குடியேறின. பாறுவின் வயிற்றிலுள்ள கடுமையான அமிலம் அடைப்பான் நோய்க் கிருமிகளையும் அழிக்கவல்லது. நாய்க்கு அந்தத் திறன் இல்லை. போதாததற்கு நாய்வழி வெறிநோய் பரவும். 1992 முதல் 2006 வரை பாறுகள் அழிந்ததன் விளைவாக நாய்கள் சுமார் 55 லட்சம் பெருகின என்றும், வெறிநோயால் கூடுதலாக ஏறத்தாழ 48,000 பேர் இறந்தார்கள் என்றும் 2008இல் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. எயால் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரு பொருளியலாளர்கள் 2024இல் 'அமெரிக்கன் எகனாமிக் ரெவ்யூ' இதழில் வெளியிட்ட ஆய்வு இன்னும் பெரிய வட்டம் போட்டது. பாறுகள் முன்பு நிறைய வாழ்ந்த மாவட்டங்களையும் அவை அதிகம் இல்லாத மாவட்டங்களையும் ஒப்பிட்டு, முதல் வகை மாவட்டங்களில் மனித இறப்பு விகிதம் நான்கு சதவீதத்துக்கும் மேல் உயர்ந்ததைக் காட்டினார்கள். 2000 முதல் 2005 வரை மட்டும் கூடுதலாகச் செத்தவர்கள் சுமார் ஐந்து லட்சம் பேர் என்பது அவர்களின் மதிப்பீடு. நீர்நிலைகளில் கலந்த பிணக் கழிவு, நாய்க்கடி, தொற்று என்று அந்தச் சாவுகளுக்குப் பல வாசல்கள்.

மும்பை மலபார் குன்றில் இறந்தவர்களின் உடலைப் பாறுகளிடம் ஒப்படைக்கும் பார்சிகளின் மரபும் இதனால் தடுமாறிப் போனது. சூரிய ஒளியைக் குவிக்கும் கருவிகளைப் பொருத்தி அவர்கள் சமாளிக்க வேண்டியதாயிற்று.

காரணம் தெரிந்த பிறகு இந்தியா வேகமாகவே அசைந்தது. மெலாக்சிகாம் என்ற மாற்று மருந்து மாட்டின் வலியையும் குறைக்கும், பாறுவையும் கொல்லாது என்று சோதனைகள் காட்டின. 2006இல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக் தயாரிப்பை நிறுத்த அரசு உத்தரவிட்டது. நேபாளமும் பாகிஸ்தானும் அதே ஆண்டில் அதையே செய்தன. ஆனால் மனிதர்களுக்கான டைக்ளோஃபெனாக் கடைகளில் தொடர்ந்து கிடைத்தது. அதுவும் 30 மில்லி குப்பிகளில். ஒரு மனிதருக்கு ஒரு தடவைக்கு 3 மில்லி போதும். 30 மில்லி குப்பி யாருக்கு வசதி என்பது சொல்லாமலே விளங்கும். தடை காகிதத்தில் இருக்க, மனித மருந்து மாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அந்த ஓட்டையை அடைக்க மேலும் ஒன்பதாண்டு பிடித்தது. 2015இல் மத்திய அரசு பெரிய குப்பிகளைத் தடை செய்து, 3 மில்லி குப்பியை மட்டும் அனுமதித்தது. மருந்து நிறுவனங்கள் இதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2017இல் நீதிமன்றம் தடை செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஒரு பறவையினத்தின் கதி ஒரு குப்பியின் அளவில் தொங்கியது. அதை அடையாளம் கண்டு கைவைத்த பிறகே தடைக்குப் பல் முளைத்தது. சுற்றுச்சூழலைக் காப்போம் என்ற பொதுவான முழக்கத்தால் இதைச் சாதித்திருக்க முடியாது.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கதையில் தனி இடம் உண்டு. செங்கல்பட்டு மாவட்டத்துத் திருக்கழுக்குன்றத்தில் வேதகிரீசுவரர் மலைக்கு நண்பகலில் வந்து, அர்ச்சகர் கையால் பொங்கல் உண்டு போன இரண்டு கழுகுகளைப் பார்த்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அவை மஞ்சள்முகப் பாறு இனத்தைச் சேர்ந்தவை. 1990களில் அந்த வருகை நின்றுபோனது. ஒருகாலத்தில் மாநிலம் முழுக்கப் பரவலாக இருந்த பாறுகள் இன்று நீலகிரி மலையடிவாரத்தில், முதுமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் ஒதுங்கியிருக்கின்றன. வெண்முதுகுப் பாறு ஆற்றோரத்து உயர்ந்த நீர்மருது மரங்களில் கூடு கட்டுகிறது. கருங்கழுத்துப் பாறு செங்குத்துப் பாறைகளின் விளிம்பைத் தேர்ந்தெடுக்கிறது. செம்முகப் பாறுவும் மஞ்சள்முகப் பாறுவும் இங்கே உண்டு. பக்கத்து மாநிலங்களான கேரளத்தின் வயநாட்டையும் கர்நாடகத்தின் பந்திப்பூர் பகுதியையும் சேர்த்து எண்ணினாலும் மொத்தம் சில நூறுதான்.

மாயாறு காட்டுக்குள் இருந்தாலும் பாறுவுக்கு அது வேலியில்லை. இரை தேடி ஒரே நாளில் நூறு கிலோமீட்டருக்கு மேல் பறந்து திரும்பக்கூடிய பறவை அது. அதனால்தான் பாறுப் பாதுகாப்பு வட்டங்களை நூறு கிலோமீட்டர் ஆரத்தில் வரைகிறார்கள். மாயாற்றை நடுவில் வைத்து அப்படி ஒரு வட்டம் போட்டால் கோவையும் மைசூரும் வயநாடும் ஈரோடு மாவட்டத்தின் பெரும்பகுதியும் உள்ளே வந்துவிடும். அன்னூர்ப் பக்கம் ஒரு மருந்துக்கடைக்காரர் எந்தக் குப்பியை எடுத்துக் கொடுக்கிறார் என்பது மாயாற்றுக் கூட்டில் இருக்கும் குஞ்சுக்குச் சம்பந்தமுள்ள விஷயம். கோவையைச் சேர்ந்த அருளகம் அமைப்பு பல ஆண்டுகளாக இந்த ஊர்களில் கால்நடை வளர்ப்போரிடமும் மருத்துவர்களிடமும் கடைக்காரர்களிடமும் இதையே பேசி வருகிறது. கீட்டோபுரோஃபென் என்ற இன்னொரு வலி மருந்தும் பாறுவைக் கொல்லும் என்று தெரிந்ததும், நாடு முழுக்கத் தடை வருவதற்கு முன்பே, நீலகிரி, கோவை, ஈரோடு மாவட்ட அரசுக் கால்நடை மருத்துவமனைகளில் அதன் பயன்பாட்டைத் தமிழக அரசு நிறுத்தியது.

மருந்தைத் தவிர இன்னொரு ஆபத்தும் காட்டோரத்தில் இருக்கிறது. புலியோ சிறுத்தையோ பசுவை அடித்துப்போட்டால், ஆத்திரத்தில் மிச்ச உடலில் பூச்சிமருந்தைத் தெளித்துவிடுகிறவர்கள் உண்டு. புலி திரும்பி வருவதற்குள் பாறுகள் வந்துவிடுகின்றன. பசுவை இழந்தவரின் ஆத்திரம் நியாயமானது. அவருக்கு அதுவே முதல். இழப்பீடு அலைக்கழிப்பின்றி, சில நாட்களுக்குள் கைக்கு வந்தால் அந்த நஞ்சுக்குத் தேவை இருக்காது.

நேபாளம் இதில் இந்தியாவுக்கே பாடம் நடத்தக்கூடிய நிலைக்கு வந்துவிட்டது. நவல்பராசி மாவட்டத்துக் கிராம மக்கள் 2006இல் 'ஜடாயு உணவகம்' ஒன்றைத் தொடங்கினார்கள். உழைத்துத் தேய்ந்த கிழட்டு மாடுகளை உரிமையாளர்களிடமிருந்து வாங்கிவந்து, ஆயுள் முடியும்வரை தீனி போட்டுப் பராமரிக்கிறார்கள். டைக்ளோஃபெனாக் பக்கமே போவதில்லை. மாடு இயல்பாகச் செத்ததும் தோலை உரித்துவிட்டு உடலைத் திறந்தவெளியில் வைக்கிறார்கள். பாறுகளைப் பார்க்க வரும் பயணிகளால் ஊருக்கு வருமானமும் வருகிறது. கடைகளில் தடையும் ஊர்களில் இந்த ஏற்பாடும் சேர்ந்து நடந்ததில், 2012ஐ ஒட்டி நேபாளத்து வெண்முதுகுப் பாறுகளின் சரிவு நின்று எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. இந்தியாவிலும் ஹரியானாவின் பிஞ்சோரில் 2001இல் தொடங்கிய மையம் நூற்றுக்கணக்கான குஞ்சுகளைப் பொரித்து வளர்த்திருக்கிறது. ஆனால் வளர்த்த பறவையைத் திறந்துவிடும் வானத்துக்குக் கீழே நஞ்சில்லாத மாடுகள் இருந்தால்தான் அந்த உழைப்பு பலிக்கும்.

2023இல் கீட்டோபுரோஃபெனும் அசெக்ளோஃபெனாக்கும் கால்நடைகளுக்கு நாடு முழுக்கத் தடை செய்யப்பட்டன. பின்னர் நிமசுலைடும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. ஒவ்வொரு தடைக்கும் முன்னால் ஆய்வு, மனு, பல ஆண்டுக் காத்திருப்பு. அந்த ஆண்டுகளில் செத்த பறவைகள் யார் கணக்கிலும் இல்லை. அசெக்ளோஃபெனாக் மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடுகிறது என்று தெரிந்த பிறகும் அது பல ஆண்டுகள் விற்பனையில் இருந்தது. பாறுவுக்கு நஞ்சென்று தெரிந்த மருந்து தானாகவே கால்நடைப் பயன்பாட்டிலிருந்து விலக்கப்படும் முறை வேண்டும் என்று மத்திய அரசின் 2020-2025 பாறுப் பாதுகாப்புச் செயல்திட்டமே சொல்லியிருந்தது. அந்த முறை நடைமுறைக்கு வரும்வரை, நொண்டும் மாட்டோடு கால்நடை மருத்துவரிடம் போகிறவர் மெலாக்சிகாம் எழுதித் தரும்படி கேட்கலாம். விலையிலும் அது இன்று எட்டாத மருந்தல்ல.