குடி மாறும் முன் பத்திரங்களைப் பிரித்து வையுங்கள்

தோட்டத்துச் சாளையை விட்டு ஊருக்குள்ளோ சாலையோரத்திலோ புது வீடு கட்டிக் குடிபோகும் விவசாயிகள் சேலம், நாமக்கல் பகுதிகளில் பலர். மார்கழியில் யாரும் புது வீட்டில் பால் காய்ச்சுவதில்லை. தை பிறக்கக் காத்திருக்கும் அந்த நாட்களில் தகரப் பெட்டியைத் திறந்து காகிதங்களைச் சரிபார்ப்பது நல்லது.

முதலில் அவற்றை இரண்டாகப் பிரிக்க வேண்டும். மறுபடி கிடைப்பவை ஒன்று; தொலைந்தால் கிடைக்கவே கிடைக்காதவை மற்றொன்று. பட்டா, சிட்டா ஆகியவற்றை இப்போது இணையத்திலேயே எடுக்கலாம். பதிவு செய்த கிரயப் பத்திரத்திற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் உண்டு. ஆயினும் நிலத்தை விற்கவோ வங்கியில் அடமானம் வைக்கவோ போனால் அசலைத்தான் கேட்பார்கள். அது இல்லையென்றால் காவல் நிலையப் புகார், பத்திரிகை விளம்பரம் என்று அலைய நேரிடும்.

இரண்டாவது வகையில்தான் நாம் அலட்சியமாக இருக்கிறோம். பதிவாகாத கூர்ச்சீட்டு, பழைய தீர்வை ரசீது, கூட்டுறவுச் சங்கக் கடனை அடைத்த ரசீது ஆகியவை இதில் சேரும். எல்லாவற்றிலும் முக்கியமானது கிணற்றுப் பங்கு. அண்ணன் தம்பிகளுக்குப் பொதுக் கிணறு இருக்கும். யாருக்கு எத்தனை நாள் தண்ணீர் முறை, வாய்க்கால் யார் நிலத்தின் வழியே போகும், வண்டித் தடம் எத்தனை அடி என்பன பாகப் பத்திரத்திலோ ஒரு வெள்ளைத் தாளிலோதான் எழுதப்பட்டிருக்கும். பட்டாவில் தண்ணீர் முறை வராது. அந்தத் தாள் போய்விட்டால், பெரியவர்கள் காலத்திற்குப் பின் சாட்சி சொல்லவும் ஆள் இருக்காது.

பழைய எண் போட்ட பத்திரம் இனி எதற்கு என்று அடுப்பில் போட்டுவிடக் கூடாது. 1979-ல் தொடங்கி 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் (யு.டி.ஆர்.) பல நிலங்களின் உட்பிரிவு எண்கள் மாறின, பரப்பு ஹெக்டேர் கணக்குக்கு வந்தது. ஒரு ஏக்கர் ஏறத்தாழ 40.5 ஏர்ஸ். அப்போது பெயரோ பரப்போ தவறாக ஏறியிருந்தால், திருத்தம் கேட்க அதற்கு முந்தைய பத்திரமே ஆதாரம். 1997-ல் நாமக்கல் தனி மாவட்டமானது. எனவே, பத்திரத்தில் 'சேலம் மாவட்டம், இராசிபுரம் வட்டம்' என்றிருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒரே தாளில் எழுதிப் பெட்டியில் வைத்தால் பிள்ளைகளுக்குச் சிரமமில்லை.

இராமபாணப் பூச்சிக்கும் கரையானுக்கும் ஈரமான மூலை ஏற்ற இடம். புது வீட்டுச் சுவர் காயச் சில மாதங்கள் ஆகும். அதுவரை பெட்டியைச் சுவரில் ஒட்டாமல் பலகை மேல் வைக்கவும். மடிப்பில் கிழிந்த பத்திரத்தைப் பசை போட்டு ஒட்டாமல், விரித்துக் காகித உறையில் இடவும். லேமினேஷன் வேண்டாம், பிறகு பிரிக்க முடியாது. தானியத்திற்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைக் குடியிருக்கும் வீட்டுப் பெட்டியில் வைக்கவே கூடாது. அதன் புகை ஆளைக் கொல்லும்.

சாமான் வண்டியில் பத்திரப் பெட்டியை ஏற்ற வேண்டாம். அதற்கு முன்பே எல்லாவற்றையும் செல்பேசியில் படம் எடுத்துக் கொண்டு, வீட்டுப் பெரியவர் ஒருவர் கையிலேயே கொண்டு செல்லட்டும்.

குடிபோன பின் வங்கி, கூட்டுறவுச் சங்கம், மின்வாரியப் பிரிவு அலுவலகம் மூன்றிலும் புது முகவரியை எழுதிக் கொடுத்து ஒப்புகை பெறவும். இலவச மின் இணைப்புக்கு மனுச் செய்து காத்திருப்போர் இதைத் தள்ளிப்போட வேண்டாம்; முறை வந்ததென்ற கடிதம் பூட்டிய சாளைக்குத்தான் போகும்.