உஷார்! மைனரை நம்பி மேஜரைக் கோட்டை விடாதீர்கள்

"கணக்கும் பிடிக்கும், பொருளாதாரமும் பிடிக்கும், இங்கிலீஷும் பிடிக்கும்" என்று சொல்லும் பிள்ளையா உங்கள் வீட்டில்? பெற்றோரே, தயவுசெய்து நிதானியுங்கள். "எதையும் விட வேண்டாம், ஒன்றை மேஜராக எடுத்து இன்னொன்றை மைனராக வைத்துக்கொள்ளலாம்" என்று அட்மிஷன் கவுன்டரில் சொல்வார்கள். படிக்கலாம்தான். பல துறைகளில் ஆர்வம் இருப்பது வரம், அதை யாரும் அணைத்துவிடக் கூடாது. ஆனால் வேலை, மேற்படிப்பு என்று வரும்போது மைனருக்கு எவ்வளவு மதிப்பு என்பதை அந்தக் கவுன்டரில் சொல்ல மாட்டார்கள்.

யு.ஜி.சி. 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்டக் கட்டமைப்பின்படி, மூன்றாண்டு இளங்கலைக்கு 120 கிரெடிட். அதில் மேஜருக்கு 60, மைனருக்கு 24. 24 கிரெடிட் படித்தவரை அந்தப் பாடத்தின் பட்டதாரியாகத் தமிழக அரசுப் பள்ளி ஆசிரியர் பணிக்கு எடுத்துக்கொள்வதில்லை. கணிதம் மேஜர், ஆங்கிலம் மைனர் என்றால் ஆங்கிலப் பட்டதாரி ஆசிரியர் பணிக்கு வழியில்லை. சரி, எம்.ஏ. ஆங்கிலம் படித்துச் சரிக்கட்டிவிடலாம் என்றால் அதற்குப் பெயர் 'கிராஸ் மேஜர்', அதுவும் செல்லாது. முதுகலை ஆசிரியர் பணிக்கு இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமாகவோ இணையான பாடமாகவோ இருக்க வேண்டும். பொருளாதாரத்தையே மேஜராக எடுத்தாலும் ஒரு சிக்கல் உண்டு: தமிழ்நாட்டில் பொருளாதாரம், வணிகவியல் படித்தவர்கள் பி.எட். சேர முதுகலையும் முடித்திருக்க வேண்டும். இது தெரியாமல் டிகிரி முடித்த கையோடு பி.எட். விண்ணப்பத்தைத் தேடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து பட்டத்தின் பெயரில் இருக்கிறது. இரண்டு மூன்று துறைகளைச் சேர்த்துப் புதுப் பெயர் சூட்டிய படிப்புகள்தான் பல ஆர்வங்கள் உள்ள பிள்ளைகளைச் சுண்டி இழுக்கின்றன. அரசு வேலைக்கான எழுத்துத் தேர்வில் ஜெயித்து, ஃபைலோடு சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போய் உட்கார்ந்ததும், மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அறிவிக்கையில் உள்ள பட்டப் பெயரையும் சான்றிதழில் உள்ள பெயரையும் ஒத்துப் பார்ப்பார். ஒத்துவரவில்லையா? "இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா?" என்பார், அதாவது இரண்டு பட்டங்களும் சமம் என்று சொல்லும் அரசாணை. சிலபஸ் ஒன்றுதான் என்று அங்கே வாதாடிப் பயனில்லை. உயர்கல்வித் துறையின் அரசாணை இருந்தால்தான் பேச்சு. அது இல்லாமல் நீதிமன்றப் படியேறியவர்கள் பலர்.

இன்ஜினீயரிங்கில் மைனர் என்றால் கூடுதல் சுமை. ஏ.ஐ.சி.டி.இ. விதிப்படி வழக்கமான 160 கிரெடிட்டுக்கு மேல் 18 முதல் 20 கிரெடிட் எடுக்க வேண்டும். ஏறக்குறைய ஆறு பேப்பர். புராஜெக்ட், பிளேஸ்மென்ட், அரியர் எல்லாம் கழுத்தை நெரிக்கும் காலத்தில் இதுவும் சேர்ந்துகொள்ளும்.

எந்த டிகிரியும் போதும் என்கிற தேர்வுகளுக்கு இந்தப் பயம் இல்லை. யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸ் தேர்வில் விருப்பப் பாடம்கூட டிகிரியில் படித்ததாக இருக்க வேண்டியதில்லை. அந்தப் பாதைதான் என்று உறுதியாக இருப்பவர்கள் மனசுக்குப் பிடித்ததைத் தாராளமாக எடுக்கலாம். மற்றவர்கள் ஆசைப்படும் வேலையின் கடைசி அறிவிக்கையையும், சேர நினைக்கும் முதுகலையின் பிராஸ்பெக்டஸையும் எடுத்து, தகுதி என்ற பகுதியை வரி விடாமல் படியுங்கள். அங்கே எந்தப் பட்டம் அச்சாகியிருக்கிறதோ அதை மேஜராக எடுத்துக்கொண்டு, மிச்ச ஆர்வங்களை மைனரிலும் அல்லைடு எனும் துணைப் பாடத்திலும் வையுங்கள். அல்லைடையும் ஏனோதானோவென்று எடுக்காதீர்கள், சில முதுகலைப் படிப்புகளில் அதையும் கேட்பார்கள்.

புதுப் பெயர் கொண்ட படிப்பு என்றால் இணைத்தன்மை அரசாணையின் எண்ணையும் தேதியையும் கல்லூரியிடம் எழுத்தில் கேளுங்கள். "அதெல்லாம் வந்துவிடும்" என்று வாய்வார்த்தையாகச் சொன்னால், பணம் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள்.